24 பாரம்பரிய நெல் ரகங்கள், கையில் 5 லட்சம்: முழு ஜீனோம் சீக்வென்சிங் கட்டுப்படியாகுமா?

நாற்றங்கால்:

எல்லோருக்கும் வணக்கம். டெல்டாப் பக்கம் ஒரு கல்லூரியில் தாவரவியல் பிஎச்.டி. இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். பாரம்பரிய நெல்தான் தலைப்பு. மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, காட்டுயானம், பூங்கார், குள்ளக்கார், கிச்சிலிச் சம்பா, சீரகச் சம்பா என்று இதுவரை 24 ரகம் சேர்ந்திருக்கிறது. பாதி விதை திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் வாங்கியது. (அங்கே 2 கிலோ வாங்கினால் மறு வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அந்தக் கடன் வேறு என் தலையில் இருக்கிறது.) மீதியை விவசாயிகள் வீட்டுக்கே போய்க் கேட்டு வாங்கினேன்.

கைடு ஒரு சின்ன புராஜெக்ட் வாங்கியிருக்கிறார். அதில் கன்ஸ்யூமபிள்ஸ் கணக்கில் இருப்பது 5 லட்சம். அதற்கு மேல் ஒரு ரூபாய் வராது. 24 ரகத்தையும் முழு ஜீனோம் சீக்வென்சிங் (டிஎன்ஏவின் எல்லா எழுத்தையும் படிப்பது) செய்துவிட வேண்டும், அதுவும் 30 எக்ஸ் ஆழத்தில் (ஒவ்வொரு எழுத்தையும் சராசரியாக 30 முறை), என்பது அவர் முடிவு. "எல்லாப் பேப்பரிலும் 30 எக்ஸ்தான் போட்டிருக்கிறார்கள்" என்கிறார்.

மூன்று கம்பெனியில் கொட்டேஷன் வாங்கிவிட்டேன். மூன்றும் மூன்று விதமாக இருப்பதால் ஒப்பிடவே முடியவில்லை.

அ: ஒரு சாம்பிளுக்கு 14,500 ரூபாய். லைப்ரரி தயாரிப்பு (டிஎன்ஏவை மெஷினுக்கு ஏற்றபடி தயார் செய்வது) சேர்த்து, 12 ஜிகாபேஸ் (1,200 கோடி எழுத்து) டேட்டா.

ஆ: லைப்ரரிக்கு 3,200 ரூபாய். டேட்டா ஒரு ஜிகாபேஸுக்கு 980 ரூபாய், குறைந்தது 5 ஜிகாபேஸ் எடுத்தாக வேண்டும். இவர்களே லாங் ரீட் சீக்வென்சிங்குக்கும் (டிஎன்ஏவை நீளமான துண்டுகளாகப் படிக்கிற முறை) ஒரு விலை போட்டுக் கொடுத்தார்கள்: ஹைஃபை முறையில் ஒரு சாம்பிள் 85,000.

இ: ஒரு சாம்பிளுக்கு 19,000. "அனாலிசிஸ் எல்லாம் நாங்களே முடித்து, பேப்பரில் அப்படியே போடுகிற மாதிரி படங்கள் தருவோம் மேடம்" என்று ஃபோனில் சொன்னார்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. 'அ' எடுத்தால் ஒரு சாம்பிள் 17,110 ஆகிறது, 24-க்கு 4,10,640. டிஎன்ஏ பிரிப்பதற்கு, பிசிஆருக்கு, மற்றதற்கெல்லாம் மிஞ்சுவது 90 ஆயிரத்துக்கும் கீழே.

எனக்குப் புரியாத விஷயம் இதுதான். மனித ஜீனோமே 100 டாலருக்கு வந்துவிட்டது என்று செய்தி படிக்கிறோம். மனித ஜீனோம் 310 கோடி எழுத்து. நெல்லுக்கு 40 கோடிகூட முழுசாக இல்லை, எட்டில் ஒரு பங்கு. அப்படியென்றால் நெல்லுக்கு ஆயிரம் ரூபாய்தானே ஆக வேண்டும்? 14,500 எங்கிருந்து வருகிறது? என்னை ஏமாற்றுகிறார்களா?


சர்வர்ரூம்:

ஏமாற்றவில்லை. செய்தியில் வருகிற விலையும் கொட்டேஷனில் வருகிற விலையும் வேறு வேறு பொருளுக்கானவை.

அமெரிக்காவின் தேசிய மனித ஜீனோம் ஆய்வு நிறுவனம் ஒரு மனித ஜீனோமுக்கு ஆகும் செலவைப் பல வருடம் கணக்கெடுத்து வெளியிட்டது. 2001-இல் கிட்டத்தட்ட 10 கோடி டாலர். 2008 வாக்கில் பழைய சாங்கர் முறையிலிருந்து புது மெஷின்களுக்கு மாறியதும் கோடு செங்குத்தாகக் கீழே விழுந்தது. 2022-இல் சுமார் 500 டாலர். அதில் ஆள் கூலி, மெஷின் தேய்மானம், கரண்ட் எல்லாம் அடக்கம். ஆனால் அந்தக் கணக்கே பெரிய மையங்கள் கொடுத்தது, நம் ஊர் ஆய்வகத்தின் கணக்கு அல்ல.

மெஷின் கம்பெனிகள் அறிவிக்கிற விலை இன்னும் குறுகியது. 2014-இல் இல்லுமினா "ஆயிரம் டாலர் ஜீனோம்" என்று அறிவித்தபோது அந்த மெஷினைப் பத்துப் பத்தாகத்தான் விற்றார்கள். பத்து மெஷின் வாங்கி, வருடம் முழுக்க நிறுத்தாமல் ஓட்டினால்தான் ஆயிரம் டாலர். 2022-இல் நோவாசீக் எக்ஸ் வந்தபோது 200 டாலர் என்றார்கள். அல்டிமா 100 என்றது. அடுத்த வருடம் எம்ஜிஐ நூறுக்கும் கீழே என்றது. இவையெல்லாம் ஃப்ளோசெல் (மெஷினுக்குள் டிஎன்ஏவை ஏற்றுகிற தட்டு) முழுசாக நிரம்பி ஓடினால் ஆகும் ரசாயனச் செலவை ஒட்டிய எண்கள்.

நோவாசீக் எக்ஸின் பெரிய ஃப்ளோசெல் ஒன்று சுமார் 8,000 ஜிகாபேஸ் தரும். உங்கள் 24 ரகத்தை 12 ஜிகாபேஸ் வீதம் போட்டால் 288. நாலு சதவீதம்கூட இல்லை. ஷேர் ஆட்டோ மாதிரிதான், மற்ற இடங்களுக்கு ஆள் சேர்ந்த பிறகே வண்டி கிளம்பும்.

உங்கள் கேள்வியில் இருக்கிற ஓட்டை லைப்ரரி. ஜீனோம் சின்னதாக இருந்தால் டேட்டா செலவு குறையும், சரி. லைப்ரரிச் செலவு குறையாது. பாக்டீரியாவோ நெல்லோ மனிதனோ, டிஎன்ஏவை வெட்டி, இரண்டு முனையிலும் அடாப்டர் ஒட்டி, பார்கோடு போட்டு, அளந்து பார்ப்பது ஒரே வேலைதான். சின்ன ஜீனோம்காரர்களுக்கு அதுதான் பாரம்.


பழைய பைப்பெட்:

சீக்வென்சிங் சர்வீஸ் லேப் ஒன்றில் சாம்பிள் வாங்கிச் சோதிக்கிற மேசையில் பல வருடம் உட்கார்ந்தவள் நான். இப்போது அந்த வேலையில் இல்லை, அதனால் கொஞ்சம் தாராளமாகவே பேசலாம்.

நாற்றங்கால், உங்கள் பதிவில் ரகம் இருக்கிறது, விலை இருக்கிறது, ஜிஎஸ்டிகூட இருக்கிறது. எதற்காக சீக்வென்ஸ் செய்கிறீர்கள் என்பது மட்டும் இல்லை. சாம்பிள் அனுப்புகிறவர்களிடம் நான் கேட்கிற முதல் கேள்வி அதுதான். பாதிப் பேர் "கைடு சொன்னார்" என்பார்கள். ரகங்களுக்குள் உறவு பார்க்கவா? கவுனியின் கருப்பு எங்கிருந்து வந்தது என்று பார்க்கவா? வெள்ளம் தாங்குகிற ஜீனைத் தேடவா? மூன்றுக்கும் செலவு மூன்று விதம்.

முதலில் 30 எக்ஸ். அது மனித ஜீனோமுக்கு வந்த வழக்கம். மனிதனுக்கு அப்பாவிடமிருந்து ஒரு பிரதி, அம்மாவிடமிருந்து ஒரு பிரதி. இரண்டும் வேறுபடுகிற இடத்தில் பாதி ரீட் (மெஷின் படித்த துண்டு) ஒரு எழுத்தைக் காட்டும், பாதி இன்னொன்றைக் காட்டும். எட்டே ரீட்தான் விழுந்தது என்றால் ஏழுக்கு ஒன்று என்று விழுந்துவிடலாம். அந்த ஒன்று நிஜமான வேறுபாடா, மெஷின் பிழையா என்று சொல்ல முடியாது. அதனால்தான் ஆழம் கூட்டுகிறார்கள். நெல் தன் மகரந்தத்தில் தானே சூல் கொள்கிற பயிர். தலைமுறை தலைமுறையாக அப்படியே வந்ததால் இரண்டு பிரதியும் ஏறக்குறைய ஒன்றுதான். ஸ்னிப் (ஒற்றை எழுத்து வேறுபாடு) பார்ப்பதற்கு 10 அல்லது 12 எக்ஸ் தாராளம்.

கைடு நம்பமாட்டார், தெரியும். அவரிடம் இதைச் சொல்லுங்கள்: உலகத்திலேயே பெரிய நெல் ஜீனோம் தொகுப்புகளில் ஒன்று, 89 நாடுகளிலிருந்து 3,000-க்கு மேற்பட்ட ரகங்களைப் படித்த '3,000 நெல் ஜீனோம்' திட்டம். பிலிப்பைன்ஸில் இருக்கிற சர்வதேச நெல் ஆய்வு நிறுவனமும் சீன நிறுவனங்களும் சேர்ந்து செய்தது. அதன் சராசரி ஆழம் சுமார் 14 எக்ஸ்தான். 2018-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. அவர்களுக்குப் போதுமானது நமக்கும் போதும்.

இப்போது கொட்டேஷன் 'ஆ'வைத் திரும்ப எடுங்கள். 5 ஜிகாபேஸ் என்றால் நெல்லுக்குப் பன்னிரண்டு எக்ஸுக்குக் கொஞ்சம் மேலே. டேட்டா 4,900, லைப்ரரி 3,200, மொத்தம் 8,100. ஜிஎஸ்டியோடு 9,558. 24-க்கு 2,29,392. 'அ'வைவிட ஒரு லட்சத்து 80 ஆயிரம் குறைவு. இப்படி லைப்ரரியையும் டேட்டாவையும் பிரித்து விலை போடுகிற கம்பெனி கிடைத்தால் விடாதீர்கள். எதைக் குறைக்கலாம் என்று நமக்குத் தெரியும்.

'இ' வேண்டாம். அந்தப் படங்களை நான் பார்த்திருக்கிறேன். வட்டமாக, கலர் கலராக, மிக அழகாக இருக்கும். வைவாவில் யாராவது ஒரு கேள்வி கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது, கம்பெனியிலும் அந்தப் பையன் வேறு வேலைக்குப் போயிருப்பான்.

அடுத்தது டிஎன்ஏ. கொட்டேஷனில் வராத செலவு முழுக்க இங்கேதான் ஒளிந்திருக்கிறது. ஸ்டூடண்ட்ஸ் நானோடிராப்பில் அளந்து "500 நானோகிராம் இருக்கு மேடம்" என்று ஐஸ் பெட்டியில் போட்டு அனுப்புவார்கள். நாங்கள் க்யூபிட்டில் அளந்தால் 60 இருக்கும். நானோடிராப் ஒளி உறிஞ்சலைத்தான் பார்க்கிறது. ஆர்என்ஏ இருந்தாலும் சேர்த்துக்கொள்ளும், ஃபீனால் இருந்தாலும் சேர்த்துக்கொள்ளும். க்யூபிட் சாயம் இரட்டை இழை டிஎன்ஏவோடு மட்டும்தான் ஒட்டும். உங்கள் துறையில் க்யூபிட் இல்லையென்றால் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் கெஞ்சிக் கேட்டாவது அளந்துவிட்டு அனுப்புங்கள். ஜெல்லும் ஓட்டுங்கள். மேலே ஒரு கெட்டியான பட்டை நிற்க வேண்டும். கீழ்வரை இழுத்த மாதிரி இருந்தால் டிஎன்ஏ உடைந்திருக்கிறது, அடியில் மேகம் மாதிரி இருந்தால் ஆர்என்ஏ.

நெல் இலை பரவாயில்லை, மா, முந்திரி அளவுக்குப் படுத்தாது. இருந்தாலும் முற்றிய இலை வேண்டாம். முளைத்து இரண்டு வாரத்துக்குள் எடுத்த நாற்று இலை, சிடேப் முறை (சோப்பு மாதிரியான ரசாயனத்தில் டிஎன்ஏ பிரிப்பது), ஆர்என்ஏவைச் சிதைக்கிற ஆர்என்ஏஸ் கட்டாயம். கிட் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை, சிடேப்பில் செலவு மிகக் குறைவு.

சாம்பிள் தேறவில்லையென்றால் கம்பெனியிலிருந்து ஒரு மெயில் வரும். "உங்கள் பொறுப்பில் தொடரலாமா?" என்று ரொம்பப் பணிவாகக் கேட்டிருப்பார்கள். மாணவர்கள் அவசரத்தில் "தொடருங்கள்" என்று பதில் போடுவார்கள். அதற்குப் பிறகு டேட்டா குப்பையாக வந்தாலும் பணம் கட்டியே ஆக வேண்டும். அந்த மெயிலுக்கு ஒரே பதில்தான்: நிறுத்துங்கள், புது டிஎன்ஏ அனுப்புகிறேன்.


நாற்றங்கால்:

அக்கா, ரொம்ப நன்றி. எதற்காக என்று கேட்டீர்கள். உண்மையைச் சொன்னால் மூன்று ஆசை இருக்கிறது. ரகங்களுக்குள் உறவு பார்க்க வேண்டும். கருப்பு, சிவப்பு நிறம் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். வெள்ளம் தாங்கும் என்று விவசாயிகள் சொல்கிற ரகங்களில் அந்த ஜீன் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கைடு இதோடு ஜிவாஸும் (ஒரு குணத்தோடு எந்த வேறுபாடு சேர்ந்து வருகிறது என்று ஜீனோம் முழுக்கத் தேடுவது) பண்ணலாம் என்கிறார்.

அந்த 3,000 ரகத்தில் நம் ஊர் நெல்லும் இருக்குமா? இருந்தால் நான் ஏன் திரும்பச் செய்ய வேண்டும்?


சர்வர்ரூம்:

ஜிவாஸ் 24 ரகத்தில் நடக்காது. எத்தனை எக்ஸ் போட்டாலும் நடக்காது. அதற்கு நூற்றுக்கணக்கில் ரகங்கள் வேண்டும், ஒவ்வொன்றையும் வயலில் அளந்திருக்க வேண்டும். ஆழத்துக்குக் கொடுக்கிற காசை எண்ணிக்கைக்குக் கொடுப்பவர்கள்தான் அதைச் செய்கிறார்கள். கைடிடம் நேராகச் சொல்ல முடியாவிட்டால் "ரெவியூவர் கேட்பார் சார்" என்று சொல்லுங்கள், வேலை செய்யும்.

3,000 தொகுப்பில் இந்திய ரகங்கள் நிறைய இருக்கின்றன. பட்டியல் இணையத்தில் இருக்கிறது, பெயரையும் சேகரித்த நாட்டையும் வைத்துத் தேடிப் பாருங்கள். உங்கள் ரகத்தின் பெயரே கிடைத்தாலும் உங்களுடையதை விட்டுவிடாதீர்கள், ஆங்கில எழுத்தில் ஒரே பெயரை நாலு விதமாக எழுதியிருப்பார்கள். அதைவிடப் பெரிய உபயோகம் வேறு. அந்த ராவ் டேட்டா பொதுக் கிடங்கில் இலவசம். அதிலிருந்து இண்டிகா, ஆஸ், ஜப்பானிகா, வாசனை நெல் என்று ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் கொஞ்சம் இறக்கி, உங்கள் 24-ஐயும் அதையும் ஒரே பைப்லைனில் (டேட்டாவை அலசுகிற மென்பொருள் வரிசை) ஓட்டுங்கள். காட்டுயானம் எந்தக் கூட்டத்தில் போய் உட்காருகிறது என்பது 24-ஐ மட்டும் வைத்து மரம் வரைந்தால் தெரியாது. அவர்கள் கண்டுபிடித்த ஸ்னிப் பட்டியலை எடுத்து உங்கள் பட்டியலோடு ஒட்டுவது மட்டும் வேண்டாம். பைப்லைன் வேறாக இருந்தால் அந்த வித்தியாசமே இரண்டு கூட்டமாகப் பிரிந்து நிற்கும், அதைப் பார்த்து நீங்கள் கதை எழுதிவிடுவீர்கள்.

இப்போது வெள்ள ஜீன். இது முக்கியம், தயவுசெய்து பொறுமையாகப் படியுங்கள்.

எல்லோரும் ரெஃபரன்ஸாக, அதாவது ரீட்களைப் பொருத்திப் பார்க்கிற அடிப்படை ஜீனோமாக, வைப்பது நிப்பான்பாரே என்கிற ஜப்பானிய ரகம். 10 நாடுகள் சேர்ந்து 2005-இல் முடித்தது, நம் நாடும் அதில் இருந்தது, 11-ஆம் குரோமோசோமில் ஒரு பகுதி டெல்லியில் படிக்கப்பட்டது. தரமான ரெஃபரன்ஸ், சந்தேகமில்லை. ஆனால் வெள்ளம் தாங்குகிற சப்1ஏ ஜீன் நிப்பான்பாரேயில் கிடையவே கிடையாது. அது ஒடிசாவின் எஃப்ஆர்13ஏ ரகத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்டது. டெல்டாவில் சிஆர் 1009 சப்-1 போடுகிறார்களே, அந்த 'சப்-1' இதுதான். உங்கள் ரகத்தில் அந்த ஜீன் இருந்து, ரீட்களும் நன்றாக வந்திருந்தாலும், நிப்பான்பாரே மேல் பொருத்தினால் அந்த ரீட்களுக்கு உட்கார இடமே இருக்காது. பொருந்தாதவை என்று ஒதுங்கிப் போகும், அல்லது பக்கத்துச் சொந்த ஜீன்கள் மேல் தப்பாகப் போய் உட்காரும். விசிஎஃப் ஃபைலை (கண்டுபிடித்த வேறுபாடுகளின் பட்டியல்) பார்த்துவிட்டு "எங்கள் ரகங்களில் சப்1ஏ இல்லை" என்று எழுதினால் அது பொய். 4 லட்சம் செலவழித்து எழுதிய பொய். குறைந்த பாஸ்பரஸில் வேரை வளர்க்கிற பிஸ்டால்1 ஜீனுக்கும் இதே கதைதான். அது கசலத் என்கிற ஆஸ் ரகத்தில் இருக்கிறது, நிப்பான்பாரேயில் இல்லை.

வழி இருக்கிறது. ஒதுங்கிய ரீட்களைத் தனியாக எடுத்து சப்1ஏ வரிசை மேல் பொருத்திப் பாருங்கள். அல்லது இண்டிகா ரெஃபரன்ஸ் வைத்து இன்னொரு முறை ஓட்டுங்கள். எம்எச்63, ஆர்498, ஐஆர்64 எல்லாம் நல்ல தரத்தில் கிடைக்கின்றன. அதற்கும் முன்னால், சப்1ஏ-க்கு ஒரு ஜோடி பிரைமர் (அந்த இடத்தை மட்டும் பிடிக்கிற சின்ன டிஎன்ஏ துண்டுகள்) வாங்கி பிசிஆர் போட்டுவிடுங்கள். ஆகிற செலவைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

கம்ப்யூட்டருக்குப் பயப்பட வேண்டாம். 16 கோர், 64 ஜிபி ரேம் உள்ள ஒரு மெஷின் போதும். அதுவும் இல்லையென்றால் கேலக்ஸி என்கிற பொது சர்வரில் இலவசமாகவே ஓட்டலாம், வரிசையில் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். 12 எக்ஸில் ஒரு ரகத்தின் ஃபாஸ்ட்க்யூ (ராவ் டேட்டா ஃபைல்) நாலைந்து ஜிபி வரும். ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள், ஒன்று லேபில், ஒன்று வேறு கட்டடத்தில். கம்பெனி தன் சர்வரில் உங்கள் டேட்டாவைக் கொஞ்ச நாள்தான் வைத்திருக்கும், அப்புறம் அழித்துவிடும். இறக்கியதும் எம்டி5 எண் (ஃபைல் சிதையாமல் வந்ததா என்று காட்டுவது) சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நன்றி சொல்லுங்கள், அதற்கு முன்னால் சொல்லாதீர்கள்.


வயல்வெளி:

நான் நெல் இனவிருத்தியில் இருந்து ஓய்வு பெற்றவன். மெஷின் விஷயம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. வயல் விஷயம் ஒன்று இருக்கிறது, யாரும் கேட்காததால் நான் கேட்கிறேன்.

ஏம்மா, டிஎன்ஏவை எந்தச் செடியிலிருந்து எடுக்கப் போகிறாய்?

விவசாயி கொடுத்த விதைப் பை ஒரு ரகம் அல்ல. அதற்குள் பல குடும்பங்கள் இருக்கும். களத்தில் கலந்தது, பக்கத்து வயலிலிருந்து வந்தது, போன வருடத்து நெல் முளைத்தது என்று எல்லாம் இருக்கும். மாப்பிள்ளைச் சம்பா வயலில் நின்று பார், உயரமே ஒன்றாக இருக்காது. பத்து நாற்றின் இலையைச் சேர்த்து அரைத்து அனுப்பினால் அந்தப் பத்தின் கலவை வரும். அப்போது மேலே அந்த அம்மா சொன்ன "இரண்டு பிரதியும் ஒன்று" என்கிற கணக்கே உடைந்துவிடும், 12 எக்ஸ் போதாது. ஒற்றைச் செடியிலிருந்து மட்டும் இலை எடு. அதே செடிக்கு எண் கட்டி, கதிர் வெளியே வந்ததும் பூப்பதற்கு முன்பே உறை போட்டு, முற்றியதும் அதன் விதையைத் தனியாக எடுத்து வை. முடிந்தால் ஒரு பருவம் அப்படித் தனிச்செடி விதையாக வளர்த்துவிட்டு, அடுத்த தலைமுறையில் டிஎன்ஏ எடு. பின்னால் யாராவது உன் பேப்பரைப் படித்துவிட்டு விதை கேட்டால், சீக்வென்ஸ் செய்த செடியின் பிள்ளையைக் கொடுக்க முடிய வேண்டும். பையில் இருக்கிற விதையை அள்ளிக் கொடுத்தால் அது வேறு செடி.

பெயரை நம்பாதே. ஒரே பெயரில் இரண்டு மாவட்டத்தில் இரண்டு நெல் இருக்கும். ஒரே நெல்லுக்கு மூன்று பெயர் இருக்கும். ஆகையால் மாப்பிள்ளைச் சம்பாவை இரண்டு ஊரிலிருந்து வாங்கி இரண்டையும் பட்டியலில் வை. ஒன்றாக வந்தால் சந்தோஷம், வேறாக வந்தால் அதுவே உனக்கு ஒரு பக்கம் எழுத இடம்.

சிவப்பு நிறத்துக்கு ஜீனோம் தேவையில்லை. ஆர்சி ஜீனில் 14 எழுத்து விழுந்துபோனால் அரிசி வெள்ளை, விழாமல் இருந்தால் சிவப்பு. பெரும்பாலான வெள்ளை அரிசியின் கதை அதுதான். நல்ல கெட்டி ஜெல்லில் பிசிஆரிலேயே பார்த்துவிடலாம்.

கடைசியாக ஒன்று. சாம்பிளை எந்த ஊர் மெஷினில் ஓட்டுகிறார்கள் என்று எழுத்தில் கேள். சில கம்பெனிகள் இங்கே வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புகின்றன. நம் நாட்டு உயிர் வளம் வெளியே போக வேண்டுமென்றால் தரமணியில் இருக்கிற தேசிய பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டும். டிஎன்ஏதானே என்று நினைக்காதே.


பழைய பைப்பெட்:

வயல்வெளி ஐயா சொன்ன ஒற்றைச் செடி விஷயத்துக்கு ஒரு கும்பிடு. எங்கள் மேசைக்கு வந்த பயிர் சாம்பிள்களில் அதைச் செய்தவர்கள் ரொம்பக் குறைவு.

கருப்புக் கவுனியைப் பற்றி மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். கருப்பு அரிசியின் நிறத்துக்குக் காரணம் காலா4 என்கிற ஜீனின் முன்பகுதியில் நடந்த ஒரு பெரிய இடமாற்றம். 2015-இல் ஜப்பானியர்கள் காட்டினார்கள். ஒரு எழுத்து மாறியது அல்ல, ஒரு துண்டே வந்து உட்கார்ந்த விவகாரம். 150 எழுத்து நீளமுள்ள ரீட்களில் அதன் ஓரங்களைப் பார்க்கலாம், முழு உருவத்தைக் கட்டுவது சிரமம். ஹைஃபை ரீட் ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்தாயிரம் எழுத்து, அப்படியே தாண்டிப் போய்விடும். 85,000 என்று விலை சொன்னார்களே, ஜிஎஸ்டியோடு 1,00,300. கவுனி ஒன்றுக்கு மட்டும் அதைச் செய்யலாம். கையில் ஒரு நல்ல தமிழ்நாட்டு ரகத்தின் முழு அசெம்பிளி (ரீட்களைக் கோத்துக் கட்டிய ஜீனோம்) இருந்தால் மற்ற 23 ரகத்தின் ரீட்களையும் அதன் மேல் பொருத்திப் பார்க்கலாம், சர்வர்ரூம் சொன்ன நிப்பான்பாரே தொல்லைக்கும் பாதி மருந்து.

ஆனால் ஹைஃபைக்கு வேண்டிய டிஎன்ஏ வேறு மாதிரி. நீளமான, உடையாத டிஎன்ஏ. வோர்டெக்ஸ் (வேகமாகக் குலுக்கும் கருவி) பக்கமே போகக் கூடாது, பைப்பெட் முனையைக்கூட வெட்டிப் பெரிசாக்கித்தான் தொட வேண்டும். நீங்களே எடுக்க முயற்சிக்காதீர்கள். பச்சை இலையை உலர் பனியில் அனுப்பி அவர்களையே எடுக்கச் சொல்லுங்கள், அதற்குத் தனியாக எவ்வளவு என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.


நாற்றங்கால்:

கைடிடம் பேசிவிட்டேன். 14 எக்ஸ் என்றதும் பேப்பரைக் காட்டு என்றார். காட்டினேன். "அப்படியா" என்றார், அவ்வளவுதான். ஜிவாஸ் பேச்சு அதன் பிறகு வரவில்லை.

புதுக் கணக்கு: 24 ரகம் 5 ஜிகாபேஸ் வீதம் 2,29,392. கவுனி ஹைஃபை 1,00,300. ஆக 3,29,692. மிச்சம் 1,70,308. அதில் இலையிலிருந்து டிஎன்ஏ எடுக்கிற தனிச் செலவு, சப்1ஏ, ஆர்சி பிரைமர்கள், இரண்டு ஹார்ட் டிஸ்க், தேறாத சாம்பிளைத் திரும்பச் செய்ய ஒரு தொகை. மாப்பிள்ளைச் சம்பா இரண்டு ஊரில் வாங்குகிறேன், அதற்காக என் பட்டியலில் பெயரே உறுதியில்லாத ஒன்றை எடுத்துவிட்டேன். ஐயா சொன்னபடி பூங்கார், குள்ளக்கார் மாதிரி குறுகிய கால ரகங்களைக் குறுவையில் தனிச்செடியாக வளர்த்துவிட்டு அப்புறம்தான் டிஎன்ஏ. குறுவைக்குள் முற்றாத காட்டுயானம், மாப்பிள்ளைச் சம்பா மாதிரி நீண்ட கால ரகங்களுக்கு ஒற்றைச் செடி இலை மட்டும்.

ஒரு கவலை. குறுவை முடிந்து, விதை எடுத்து, மறுபடி முளைக்க வைத்து, சாம்பிள் அனுப்பும்போது நவம்பர் ஆகிவிடும். பணம் இந்த நிதியாண்டுக்குள் செலவாக வேண்டும்.


பழைய பைப்பெட்:

நவம்பர் தாமதம் இல்லை, ஆனால் பர்ச்சேஸ் ஆர்டரை அதுவரை வைத்திருக்காதீர்கள். ஜனவரிக்கு மேல் எல்லா லேபும் மார்ச் 31-ஐப் பார்த்து ஓடும், வரிசை நீளும், உங்கள் 24 சாம்பிள் கடைசியில் நிற்கும். கம்பேரட்டிவ் ஸ்டேட்மெண்டை (கொட்டேஷன்களை ஒப்பிடும் பட்டியல்) இப்போதே போட்டு, கமிட்டியில் கையெழுத்து வாங்கி, செப்டம்பருக்குள் ஆர்டர் கொடுத்துவிடுங்கள். கொட்டேஷன் எத்தனை நாள் செல்லும் என்று பாருங்கள், காலாவதியாகியிருந்தால் ஆடிட்டில் அதைத்தான் முதலில் பிடிப்பார்கள்.

ஆர்டரில் இதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். 5 ஜிகாபேஸ் என்பது அடாப்டர் நீக்கிய பிறகா, முன்னா. க்யூ30 (ஆயிரத்தில் ஒன்றுக்கு மேல் பிழை வராத எழுத்துகள்) எத்தனை சதவீதம் உறுதி. டேட்டா குறைந்தால் கூடுதல் ஓட்டம் யார் செலவு. தரச் சோதனையில் (க்யூசி) தேறாத சாம்பிளுக்குச் சோதனைக் கட்டணம் உண்டா. மிச்ச டிஎன்ஏவைத் திருப்பித் தருவார்களா. பணம் டேட்டா வந்து சரிபார்த்த பிறகுதான். முழு முன்பணம் கேட்பார்கள், உங்கள் கல்லூரி அலுவலகமே ஒத்துக்கொள்ளாது, அந்த ஒரு இடத்தில் அலுவலகம் நமக்கு நல்லது செய்கிறது.

குழாய்களில் ரகப் பெயரை எழுதாதீர்கள். 1 முதல் 24 வரை எண் போதும், ஐஸ் தண்ணீரில் மை அழியும், மூடியிலும் பக்கத்திலும் இரண்டு இடத்தில் எழுதுங்கள். பெயர்ப் பட்டியல் உங்கள் நோட்டில் இருக்கட்டும். திங்கட்கிழமை அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை அனுப்பினால் கூரியர் ஆபீஸில் இரண்டு நாள் கிடக்கும்.